மரியாதைக்கு ஒரு டி

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு முப்பது வயதாகிறது, சொந்தமாக அயன்பெட்டியும் இருக்கிறது. ஆனாலும் முக்கியமான கூட்டம் என்றால் சட்டை என்னிடம்தான் வரும். தொலைக்காட்சியில் அமெரிக்காக்காரர் இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், மற்றவர் வேண்டுமென்றே கட்டாமல் வந்திருந்தார். பெரிய பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டுக் கடலோர நகரங்களில் இருந்துகொண்டு நாட்டுக்கே பாடம் எடுக்கிற மேட்டுக்குடிகள் உண்மையான அமெரிக்கர்களே இல்லை என்றார் கட்டாதவர். சரியாக அந்த நேரம் ஈரப் பருத்தியில் ஆவி பட்டு ஒரு மணம் எழும்பியது. பாதி வடித்த கஞ்சி, பாதி நனைந்த நாய். அவ்வளவுதான், அமெரிக்காவை விட்டுவிட்டு நான் பழைய தையல் தொழிற்சாலைக்குப் போய்விட்டேன்.

அது இங்கே டென்மார்க்கில், பிராண்டேயில்தான் இருந்தது. பெண்களுக்கான காற்சட்டையும் பிளவுசும் தைக்கிற இடம். முன்மண்டபத்தில் தையல் மெஷின்கள், அங்கே டெனிஷ் பெண்கள். பின்மண்டபத்தில் ஆவி அயன் மேசைகள், அங்கே நாங்கள். யாரும் கோடு போட்டுப் பிரிக்கவில்லை. ஆனால் வேலை கேட்டுப் போன இலங்கைப் பெண்கள் எல்லோரும் எப்படியோ பின்மண்டபத்துக்கே போய்ச் சேர்ந்தோம். மிதியை அழுத்தினால் மேசையிலிருந்து முகத்துக்கு நேரே ஆவி அடிக்கும். மாலையில் வீட்டுக்குப் போனால் தலைமயிரில் அந்த மணம் இருக்கும், தலையணையிலும் இருக்கும்.

இந்த இடத்தில் என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சிரிக்கக் கூடாது. டெனிஷ் மொழியில் எல்லோருக்கும் ‘டு’தான். டு என்றால் நீ. முதலாளிக்கும் நீ, மூன்று வயதுப் பிள்ளைக்கும் நீ, பல்லுக் கட்டின கிழவிக்கும் நீ. மொழிப் பள்ளியில் இதைச் சமத்துவம் என்று பெருமையாகச் சொல்லித் தந்தார்கள். எனக்கு நாக்குக் கூசியது. என் அம்மாவின் வயதில் ஒரு மனுஷி நிற்கிறார், அவரைப் பார்த்து “நீ வா, நீ இரு” என்று எப்படிச் சொல்வது? அகதியாக ஸ்கீவ என்ற ஊரில் இறக்கிவிடப்பட்ட முதல் வருடம், தேவாலயக்காரரின் பழைய சாமான் கடையில் ஒரு டெனிஷ் மொழிப் புத்தகம் எடுத்திருந்தேன். மட்டை கழன்ற புத்தகம். அதில்தான் அந்தச் சொல்லைக் கண்டேன்: ‘டி’. டி என்றால் நீங்கள். “அம்மையீர், தாங்கள் அந்தச் சீனிக் கிண்ணத்தை இப்பக்கம் நகர்த்தித் தருவீர்களா?” என்று ஒரு வசனம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்போது யாரும் அப்படிக் கதைப்பதில்லை, மகாராணியோடு மட்டும்தான் என்று ஆசிரியை எச்சரித்தார். அதனால் என்ன, எல்லோரையும் மகாராணியாக வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். அப்போது எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

பக்கத்து அயன் மேசையில் ரஞ்சி அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கார் ஓட்டத் தெரியாதவர், ஆனால் வாய் நன்றாக ஓடும். நான் தையல் பகுதி மேற்பார்வைக்காரியோடு கதைத்ததைக் கேட்டுவிட்டு அயனை அப்படியே வைத்துவிட்டார்.

“என்ன பிள்ளை, உன்ரை அம்மான்ரை வயசு மனிசியை டி போட்டுக் கதைக்கிறாய்?”

விளக்கம் சொன்னேன். அக்கா திரும்பவும் அயனைத் தூக்கினார். “விளங்காத சனம்,” என்றார். “மரியாதைக்கு வைக்க வேறை எழுத்தே கிடைக்கேல்லையோ?”

அந்த மேற்பார்வைக்காரி ரூத். உயரமான மனுஷி, கண்ணாடி சங்கிலியில் நெஞ்சில் தொங்கும். பல வருடமாகத் தொழிலாளர் பிரதிநிதியும் அவர்தான். முதலாளியிடம் எங்களுக்காகக் கதைக்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெனிஷில் அந்தப் பதவிக்குப் பெயரே ‘நம்பிக்கைக்குரியவர்’ என்பதுதான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் மகளின் முதல் பனிச்சப்பாத்து ரூத் கொண்டுவந்து தந்தது. ஆனால் சாப்பாட்டு அறையில் கறுப்புப் பாணைப் பிரித்து வைத்துவிட்டால் அவருக்கு ஒரே பாட்டு, கொப்பன்ஹேகன் ஆட்கள். நுரைக் கோப்பி குடித்துக்கொண்டு நாட்டை ஆளுகிறவர்கள், கையில் ஒரு காய்ப்பு இல்லாதவர்கள், அவர்கள் எல்லாம் ‘ரிக்தி’ டெனிஷ்காரர் இல்லை. ரிக்தி என்றால் அசல், உண்மையான. அசல் டெனிஷ்காரர் இங்கே யூலாந்தில் இருக்கிறார்கள், தைக்கிறார்கள், காற்றாலை செய்கிறார்கள், ‘டு’ சொல்கிறார்கள். ‘டி’ சொல்கிறவர்கள் மூக்கை மேலே வைத்துக்கொண்டு நடக்கிற ஆட்கள். அப்போது பின்மண்டபத்திலிருந்து நான் வந்து “தாங்கள் உப்பைத் தருவீர்களா?” என்று கேட்பேன். எனக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘சீமாட்டி’. அதன் அர்த்தம் எனக்குத் தெரிய வர இரண்டு வருடம் பிடித்தது. அதுவரை பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அதையும் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாமல் போனது ரஞ்சி அக்காவின் வலது மணிக்கட்டு. நாள் முழுக்க அயனை இழுத்து இழுத்து அது வீங்கிப்போனது, தேத்தண்ணிக் கோப்பையைக்கூட இடது கையால்தான் தூக்குவார். வேறு வேலை மாற்றாவிட்டால் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கார் ஓட்டாத ஆள் வேறு ஊரில் வேலை தேட முடியாது. இங்கே பஸ் வருவதும் ஒன்று, வராததும் ஒன்று. ரூத்திடம் போய்க் கேட்டேன்: ஒரு கிழமை அயன், ஒரு கிழமை பொத்தான் என்று எல்லோரும் மாறி மாறிச் செய்தால் என்ன? ரூத் அன்பாகத்தான் சிரித்தார். “நீங்கள் வெக்கை நாட்டுச் சனம். உங்களுக்கு ஆவி ஒரு பொருட்டே இல்லை,” என்றார்.

ரஞ்சி அக்காவின் அப்பா நுவரெலியாவில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். அக்கா ஸ்வெட்டர் போட்டு வளர்ந்த ஆள்.

அந்த வருடம் பிரதிநிதித் தேர்தலில் ரூத்துக்கு எதிராக என் பெயரைக் கொடுத்தேன். பின்மண்டபத்து வாக்குகள் காணாது, முன்மண்டபத்திலிருந்து சில பேராவது வர வேண்டும். ரூத் அதிகம் பேசவில்லை, இரண்டே விஷயம் சொன்னார். பிரதிநிதி எங்களைப் போலக் கதைக்கிற ஆளாக இருக்க வேண்டும், பெரிய இடத்துப் பேச்சு பேசுகிறவர் வேண்டாம். மற்றது, பிரதிநிதி ரிக்தி டெனிஷ்காரியாக இருந்தால் நல்லது. இரண்டு குற்றமும் ஒரே ஆள்மேல் எப்படிப் பொருந்தும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் டெனிஷ்காரியே இல்லை, அதேநேரம் அளவுக்கு மிஞ்சிய டெனிஷ்காரி.

நாங்கள் மட்டும் திறமோ என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் ஆட்களும் ஒருவரைக் கண்டவுடன் “ஊரிலை எவடம்?” என்று கேட்டு, பதிலை வைத்து நாற்காலி போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவர்கள்தான். தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒரு பிள்ளை, எங்களைப் போல “ஓம்” என்னாமல் “ஆமா” என்று சொன்னதற்கு நானே ரஞ்சி அக்காவைப் பார்த்துக் கண்ணடித்திருக்கிறேன். அந்தப் பிள்ளை கண்டிருந்தால் நான் எங்கே முகத்தை வைத்திருப்பேன்?

தேர்தலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை ரூத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் பொதுவாகப் பாணும் கேக்கும் இருக்கும், இரண்டு மண்டபமும் ஒரே நீள மேசையில் இருக்கும். தம்பியின் பெயர் ஸ்வென். இளவயதில் அமெரிக்காவுக்குப் போய் நெப்ராஸ்காவில் சோளம் விதைக்கிறவர். வெயிலில் சிவந்த கழுத்து, தொப்பி, துருப்பிடித்த யூலாந்துப் பேச்சு, நடுவில் ஆங்கிலம். நல்ல கலகலப்பான மனிதர். கேக்கை வாயில் வைத்துக்கொண்டே அமெரிக்காவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கடலோர நகரத்துப் படித்த கூட்டம் நாட்டைக் கெடுக்கிறதாம். அவர்கள் அசல் அமெரிக்கர்கள் இல்லையாம். அசல் அமெரிக்கர்கள் தங்கள் ஊரில் இருக்கிறார்களாம், தன்னைப் போன்றவர்கள். ரூத் பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான் மிகவும் மரியாதையாக, டி போட்டுத்தான் கேட்டேன். தாங்கள் அசல் அமெரிக்கர் ஆவதற்கு எத்தனை வருடம் எடுத்தது?

“வருசமோ? ஒரு பின்னேரம்,” என்றார் ஸ்வென். “கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினன். நீதவான் கை குடுத்தார், இனி நீ எங்களிலை ஒருத்தன் எண்டார். வெளியிலை வரேக்கை நான் அமெரிக்கன்.”

கள்ளமில்லாமல் சொன்னார் பாவம். எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. என் கைப்பையில் டென்மார்க்கின் சிவப்புப் பாஸ்போர்ட் கிடந்து நாலு வருடம். ரூத்தின் பக்கம் திரும்பினேன். இந்த மனுஷியை நோகடிக்க வேண்டும், நன்றாக நோகடிக்க வேண்டும் என்று தோன்றியது. என்னிடம் இருந்த ஆகப் பெரிய கல்லை எடுத்து எறிந்தேன்.

“நீ சொல்லு, ரூத். உன்ரை தம்பிக்கு ஒரு பின்னேரம் காணும். எனக்கு எத்தினை வருசம் வேணும்? ரஞ்சியின்ரை கை போனாலும் பரவாயில்லை எண்டு முடிவெடுத்த நீ, இதையும் முடிவெடுத்துச் சொல்லு.”

டு, டு, டு என்று முகத்துக்கு நேரே அடித்தேன். ரஞ்சி அக்கா மேசைக்குக் கீழே என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். ஒரு மூத்த மனுஷியைப் பலர் முன்னால் நீ என்று விட்டேன், இனி இங்கே வேலை இல்லை என்றே நினைத்தேன்.

மேசையின் மறுகோடியில் யாரோ சிரித்தார்கள். எள்ளல் இல்லாத சிரிப்பு. இன்னொருத்தி மேசையில் தட்டினாள். தையல்காரி ஒருத்தி கேக் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். ரூத் கண்ணாடியைக் கழற்றினார்.

“இவ்வளவு வருசமும் நீ எங்களோடை கதைக்கவே இல்லை,” என்றார். “இண்டைக்குத்தான் கதைச்சாய்.”

நான் கெட்ட வார்த்தை என்று எறிந்ததை அவர்கள் உறவு என்று பிடித்துக்கொண்டார்கள். எட்டு வருடம் தலைக்குமேல் வைத்துக் கும்பிட்டேன், அப்போது நான் அந்நியக்காரி. ஒரு நிமிடம் மரியாதையைத் தூக்கி எறிந்தேன், உடனே வீட்டுக்காரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், என் கேள்விக்கு ரூத் பதில் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பிஸ்கட் பேணியில் வாக்குப் போட்டார்கள். நான் வென்றேன். இனிக்கவில்லை என்று சொன்னால் பொய், நன்றாகவே இனித்தது. ஆனால் அந்த இனிப்புக்காக என் நாக்கை விற்க நான் தயாராக இல்லை. முதல் கூட்டத்தில் வேண்டுமென்றே எல்லோரையும் ‘டி’ என்று விளித்துத்தான் தொடங்கினேன். நான் மரியாதை கொடுப்பது உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அது உங்கள் பாடு, நான் நிறுத்த மாட்டேன் என்றும் சொன்னேன். ரூத் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பார்க்கட்டும்.

வேலை மாறுகிற அட்டவணையை என் கையால் எழுதினேன், அயன் மேசைக்கு முதல் பெயர் ரூத். அவர் மறுக்கவில்லை, வந்தார். முதல் நாள் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. மூன்றாவது முறை வந்த கிழமை மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, ரஞ்சியின் கை இப்போது எப்படி என்று கேட்டார். ரஞ்சி அக்கா அப்போது பொத்தான் பகுதியில் இருந்தார், வலது கையால் தேத்தண்ணி குடித்துக்கொண்டு.

சில வருடங்களில் தொழிற்சாலை போலந்துக்குப் போய்விட்டது. எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே கடிதம். ரிக்தி, ரிக்தி இல்லாதது என்று பிரிக்கவில்லை. அந்தக் கடிதத்தில் நிர்வாகம் எங்கள் எல்லோரையும் ‘டி’ என்றே விளித்திருந்தது, வேலையால் நிறுத்துகிறபோது மட்டும் அந்த மரியாதை எங்கிருந்தோ வந்துவிடும். கட்டடத்தில் இப்போது உடற்பயிற்சி நிலையம். ஆவி மேசைகள் நின்ற இடத்தில் ஆட்கள் எங்கும் போகாத பாதையில் ஓடி வேர்க்கிறார்கள்.

ரூத் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. சுப்பர்மார்க்கெட் வாசலில் காணும்போதெல்லாம், நீ நல்ல பிரதிநிதிதான், ஆனாலும் நீ ரிக்தி டெனிஷ்காரி இல்லை என்பார். தாங்கள் சொல்வது பிழை என்பேன் நான். பனிக்குள் நின்று சண்டை பிடிப்போம், பிறகு அவருடைய பைகளைக் காரில் ஏற்றிவிடுவேன். போன இலையுதிர்காலம் அவர் இறந்துபோனார்.

இடுகாட்டிலிருந்து வந்து தேவாலய மண்டபத்தில் கோப்பிக்கு இருந்தோம். எதிரே இருந்தவர் கொப்பன்ஹேகனிலிருந்து வந்த தூரத்து உறவு, மிகவும் பண்பானவர். நான் எங்கேயிருந்து வருகிறேன் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

“பிராண்டே,” என்றேன்.

“இல்லை, உண்மையிலை எங்கையிருந்து?”

“உண்மையிலையே பிராண்டே.”

அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் பாலை எடுத்தார். நான் சொன்னது பிழை என்று மேசையில் அடித்து என்னோடு சண்டைக்கு வரக்கூடிய ஒரே ஆளை அரை மணித்தியாலத்துக்கு முன்தான் புதைத்துவிட்டு வந்திருந்தோம்.