பாதிச் செய்தியும் டாக்டர் ஷைனியும்

செவ்வாய்க்கிழமை காலை பாறசாலையிலிருந்து ஷைனியின் அண்ணன் அழைத்தார். "ஷைனி போயிட்டா அண்ணாச்சி. வேலைக்கு இறங்குன நேரம் நெஞ்சுவலி. ஆசுபத்திரி வரைக்கும் எத்தல்ல" என்றார். வயதைக் கேட்டேன். நாற்பத்திரண்டு. நெடுங்காலம் செய்தியாளனாக இருந்தவன் நான். ஆனாலும் அதை இரண்டாவது முறையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஷைனியின் தந்தை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி. ஷைனி பள்ளியில் தமிழில் படித்து, பிறகு தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் விலங்கியல் படித்தார். இரண்டாம் ஆண்டில் தந்தைக்குப் புற்றுநோய் வந்தது. "உடம்புக்குள்ள இத்தன காவல் இருந்தும் ஏன் பிடிக்கல?" என்று ஷைனி மருத்துவரிடம் கேட்டாராம். கிடைத்த பதில் போதவில்லை. அந்தக் கேள்விதான் அவரை நோயெதிர்ப்பு சிகிச்சை ஆராய்ச்சிக்குக் கொண்டுபோனது. தந்தை அதற்குள் இறந்துவிட்டார்.

ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்த ஷைனி சபை மண்டபத்தில் பேசினார். புற்றணு என்பது எல்லையில் கள்ளப் பாஸ் காட்டிக் கடக்கும் லாரி. புது மருந்து லாரியை இடிப்பதில்லை, பாஸைப் பிடுங்குகிறது, மற்றதை உடம்பின் காவல்காரரே பார்த்துக்கொள்வார் என்றார். பின்வரிசையில் ஒருவர், "கைக்கூலி குடுத்தா விட்டிருவாவளா டாக்டரே?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. "அதுவும் உண்டு மாமா. சிலருக்கு மருந்து ஏன் கேக்கல்லண்ணு இன்னும் தெரியாது" என்றார் ஷைனி. எல்லா வகைப் புற்றுக்கும் இது மருந்தல்ல, பலருக்குப் பலன் தருவதில்லை என்றும் சொன்னார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பத்திரிகையில் குணமானவர்களைப் பற்றி மட்டும் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி ஊருக்கு வந்த ஷைனி அழைத்தார். "அண்ணாச்சி எங்க நிக்குதிய? ஒரு வீட்டுக்குப் போவணும்."

அது அவருடைய சபையைச் சேர்ந்த தங்கபாயின் வீடு. மார்பகப் புற்று. நடந்துகொண்டிருந்த சிகிச்சையே அவருக்கு நல்ல பலன் தரக்கூடியது. என் செய்தியைப் படித்துவிட்டு அந்தச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியிருந்தார். பைபிளுக்குள் அந்தப் பத்திரிகைத் துண்டை மடித்து வைத்திருந்தார்.

"பத்திரத்துல வந்ததாக்கும் மக்கா. அந்த மருந்து வரட்டு. இந்த ஊசி போட்டா ஒரு வாரம் கஞ்சி இறங்காது."

"அது அக்காவுக்க தீனத்துக்கு உள்ள மருந்து இல்ல."

"அப்ப இவரு எழுதினது கள்ளமா?"

"கள்ளம் இல்ல. பாதியாக்கும். மிச்சத்த இவரே சொல்லுவாரு."

குறிப்பேட்டைத் திறந்து வாசித்தேன். தங்கபாய் முழுவதும் கேட்டார்.

"இத்தனயும் தெரிஞ்சுமா எழுதாம வச்சிருந்திய?"

"இடம் இல்லை" என்றேன்.

அவர் கணவரிடம் திரும்பினார். "கேட்டியளா, எனக்க உயிருக்க காரியம் எழுத நாலு வரி இடம் இல்லியாம்." பிறகு, "வியாழாழ்ச்ச ஆசுபத்திரிக்கு ஆட்டோ சொல்லுங்க" என்றார்.

திரும்பும் வழியில் ஷைனி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பலிச்சவனுக்க கதைய சொல்ல ஊரே உண்டு அண்ணாச்சி. பலிக்காதவனுக்கு நீங்கதான் உண்டு" என்றார். அதன் பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் தன் ஆய்வைப் பற்றி என்னிடம் பேசினார். தோற்றவற்றிலிருந்தே தொடங்குவார்.

ஷைனியின் அடக்க ஆராதனையில் போதகர், யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார். தங்கபாய் எழுந்தார். "இந்தப் பிள்ள எனக்கு மருந்து ஒண்ணும் தரல்ல. எனக்கு உள்ள மருந்து அது இல்லண்ணு வீட்டுல வந்து சொல்லிச்சு. அதாக்கும் காரியம்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

வாசலில் ஒருவர், அஞ்சலிக் குறிப்பில் தங்கபாய்க்குப் பூரண குணம் என்று எழுதுங்கள் என்றார். ஒரு செய்தியை முழுதாக எழுதும் பழக்கம் மட்டுமே ஷைனியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருக்கிறது. எனவே எழுதுகிறேன்: தங்கபாய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கடைசிப் பரிசோதனையில் கட்டி தென்படவில்லை. குணமாகிவிட்டது என்று மருத்துவர்கள் இன்னும் சொல்லவில்லை. மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.