மரியசெல்வத்தின் அலைக்கத்தி

இடது கால் சூம்பிப்போன பிள்ளை எங்கே கட்டுமரம் ஏறப்போகிறான் என்று சாந்தோம் குப்பத்தில் எல்லாரும் சொன்னார்கள். ஏறவில்லைதான். ஆனால் ராயப்பேட்டையில் கலீமுல்லா பாயின் கத்திப் பட்டறையில் போய்ச் சம்மட்டி பிடித்தான். நிற்கவே தடுமாறுகிறவன் எப்படி அடிப்பான் என்று கேட்டவர்கள் கண்ணெதிரே, இடுப்பை ஒரு மரக்கட்டையில் முட்டுக்கொடுத்து நின்று அடித்தான். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நெருப்பு வேலை ஒட்டாது என்றார்கள். பாய்க்கு அடுத்தபடி உலைக்கு முன்னால் உட்காரும் இடம் அவனுக்கே கிடைத்தது. நொண்டிக்குப் பெண் இல்லை என்று வாசலோடு அனுப்பிய வீட்டார், பிறகு அதே பெண்ணை அழைத்துவந்து கோயிலில் அவனுக்குக் கட்டிவைத்தார்கள். தேய்ந்த அரமும் லாடமுமாகக் குப்பையில் கிடந்த இரும்பிலிருந்து, உடம்பெல்லாம் அலை ஓடுகிற கத்தியை அவன் உண்டாக்கினான்.

மரியசெல்வம் ஜெயித்தவை இவை. அவனுடைய அக்கா சவரியம்மா இவற்றை வரிசை மாறாமல் சொல்லுவாள். யாராவது ஒன்றை விட்டுவிட்டுச் சொன்னால், நிறுத்தித் திருத்துவாள். மடத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படித்தவள். எதையும் அரைகுறையாக விட அவளுக்கு மனம் வராது.

முதலில் சொன்னதெல்லாம் பிடிவாதத்தால் வந்தவை. கத்தி அப்படி வரவில்லை.

1927-ல் மழை தொடங்கும் முன் ஒரு நாள், ராயப்பேட்டைப் பெரிய வீடு ஒன்றின் முதியவர், கைப்பிடி கழன்ற குத்துவாளைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பரம்பரைச் சொத்து. உறையை உருவியதும் மரியசெல்வம் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டான். அலகு முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய கோடுகள், அலை திரும்பிப் போன ஈர மணலில் தடம் விழுந்திருப்பதுபோல. பாய் புதுக் கைப்பிடிக்குக் கொம்பு சீவுகிற நேரம்தான் அது அவன் மடியில் இருந்தது. பிறகு முதியவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து அவன் வேலை விட்டு வந்ததும் வீட்டுக்குள் நுழைவதில்லை. கடற்கரையில் தண்ணீர் வடிகிற இடத்தில் உட்கார்ந்து மணலையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் வயதுப் பையன்கள் கட்டுமரம் தள்ளிக்கொண்டு போகிற இடத்தில் இப்படி உட்கார்ந்திருக்கிறானே, கடலுக்குப் போகக் கொடுத்துவைக்கவில்லை என்கிற ஏக்கம்தான் என்று சவரியம்மா நினைத்தாள். ஒரு நாள் மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவிடம் சொல்லி ஒரு தரமாவது மரத்தில் ஏற்றிவிடச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"கடலு இன்னாத்துக்குக்கா எனக்கு? அந்தக் கத்திய இன்னொரு தபா பாக்கணும். அவரு ஊட்ல போய் நின்னா காட்டுவாரா? அதான், நானே பண்ணிப் பாக்கலாம்னு கீறேன்."

கடினமான இரும்பையும் மெதுவான இரும்பையும் மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டினால் அந்த அலை வரும் என்று பாய் காதால் கேட்டிருந்தார், கண்ணால் பார்த்ததில்லை. பட்டறைக் குப்பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மழுங்கிய அரமும் முறிந்த பஸ் ஸ்பிரிங்கும் கடினம். லாடமும் ஜட்கா சக்கரத்துப் பட்டையும் மெது. இவற்றைத் தகடாக அடித்து, அடுக்கி, கம்பியால் கட்டி, இரும்பு ஒட்டிக்கொள்ள வெங்காரப் பொடி தூவி, வெள்ளைச் சூட்டில் ஒன்றாக்குவான். பிறகு மடித்து அடிப்பான், மறுபடி மடிப்பான். கடைசியில் கத்தியாக்கிச் சுறா எண்ணெயில் முக்குவான். எண்ணெய் சவரியம்மா கொண்டுபோய்க் கொடுத்தது. அந்த வாடைக்குப் பக்கத்து அத்தர்க் கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயிருந்தே பாயைத் திட்டுவார்.

அதற்கப்புறம் மெருகு. அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. முடிந்த கத்தியைப் பாய் முகத்துக்கு நேரே பிடித்துத் தம் தாடியைப் பார்ப்பார். மயிர் தனித்தனியாகத் தெரிந்தால்தான் பட்டறை முத்திரை விழும். மரியசெல்வமும் அப்படியே பழகியவன். கல்லில் தேய்த்து, செங்கல் பொடியில் தேய்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்ப்பான். கத்தி கண்ணாடியாக மின்னும். அலை இருக்காது. இரும்பு சரியாகச் சேரவில்லை என்று அதை உடைத்துக் குப்பையில் எறிவான். மறுபடி அடுக்குவான்.

வருஷங்கள் போயின. கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது, அலை மட்டும் வரவில்லை. தனக்கு முன்னாலேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார், அவளுக்குத்தான் முகமே கிடையாது என்று அவன் பெண்டாட்டி சவரியம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஒரு கோடையில் அவன் அக்கா வீட்டுக்கு வந்து, துணியில் சுற்றிய கத்தி ஒன்றை நீட்டினான். இதுதான் கடைசி, இதை உடைக்கக் கை வரவில்லை என்றான். மீன் அறுக்க வைத்துக்கொள்ளச் சொன்னான். வாங்கிக்கொண்டாள். இனி இவன் எதற்காகக் கடற்கரையில் உட்காருவான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதே வருஷம் மே மாதத் தொடக்கம், மாதா வணக்க மாதம். கருவாட்டுக் குழம்புக்கு மாங்காய் அரிந்துகொண்டிருந்தபோது கோயில் மணி அடித்துவிட்டது. கத்தியை உப்புப் போட்ட மாங்காய்த் துண்டுகளுக்குள்ளேயே விட்டுவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஜெபம் முடிந்து திரும்பி வந்து எடுத்தால், பளபளப்பெல்லாம் போய் அலகு கறுத்துக் கிடந்தது. தம்பி உடைக்க மனமில்லாமல் கொடுத்ததை ஒரே நாளில் கெடுத்துவிட்டோமே என்று பதறி, சாம்பலை அள்ளிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து மரியசெல்வம் உள்ளே வந்தான்.

"கறை புடிச்சிக்கினு கீது நைனா. இரு, தேச்சுட்றேன்."

"தேய்க்காத. அக்கா, தேய்க்காத."

பிடுங்காத குறையாக வாங்கித் தண்ணீரில் அலசி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். அவள் தேய்த்த நுனிப் பக்கம் வெறும் வெள்ளை. மீதி அலகில், பிடியிலிருந்து பாதி வரைக்கும், கறுப்பும் வெள்ளையுமாக அலை. மாங்காய்ப் புளிப்பு அரத்து இரும்பைக் கறுக்கவைத்து, லாடத்து இரும்பை வெளுப்பாக விட்டிருந்தது.

அவன் குதிக்கவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். கத்தியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அப்போ மொதக் கத்திலயே இருந்திச்சாக்கா? நான்தான் தேச்சித் தேச்சி மூடிக்கினு இருந்தேனா?"

உடைத்துப் போட்டதெல்லாம் திரும்ப உலைக்குப் போய், யார் யார் வீட்டிலோ அரிவாள்மணையாகவும் ஆணியாகவும் கிடக்கிறது. அவள் மாங்காயை எடுத்து நுனிப் பக்கமும் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் அவன் அதை எடுத்துக்கொண்டு நேரே அந்தப் பெரிய வீட்டுக்குப் போனான். குத்துவாளின் பக்கத்தில் ஒரு நிமிஷம் வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வீடு பூட்டிக் கிடந்தது. முதியவர் காலமாகி, பிள்ளைகள் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ஐதராபாத் போய்விட்டதாக எதிர்க்கடையில் சொன்னார்கள். தன்னுடைய அலை அந்த அலைதானா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அது தெரியாமல் போனதைப் பற்றி அக்காவிடம் மட்டும் எப்போதாவது பேசுவான்.

கலீமுல்லா பாய் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். மரியசெல்வத்துக்குத் தம் கையாலேயே டீ வாங்கிவந்து கொடுத்தார். முத்திரையை மட்டும் எடுக்கவில்லை.

"மின்னாத கத்தில பட்டறை முத்திரை உழாதுப்பா. எங்க அப்பா வெச்ச ஏற்பாடு, நான் மாத்த மாட்டேன். இது உன்து. உன் பேரப் போடு."

"எனுக்கு எழுத வராதே பாய். கைநாட்டுதான்."

"உங்கக்காவுக்கு வரும்ல?"

கால் சரியில்லாததால் பள்ளிக்கூடம் போகாதவன் அவன். சவரியம்மா ஒரு தகரத் துண்டில் கரியால் அவன் பெயரை எழுதிக் கொடுத்தாள். முதல் எழுத்து மட்டும் போதும், சின்னக் கத்திதானே என்றாள். முழுசும் வேண்டும் என்றான். தகரத்தில் உளியால் அடித்து அடித்துப் பழகினான். 'ரி'யின் வளைவு பலநாள் அவனுக்கு அடங்கவில்லை. பிறகு பாய் ஜும்மாத் தொழுகைக்குப் போன ஒரு மத்தியானம், உலை அணைந்திருந்த பட்டறையில், மீன்கூடையோடு அக்கா வாசலில் நிற்க, பிடிக்குப் பக்கத்தில் மரியசெல்வம் என்று வெட்டினான். கடைசிப் புள்ளியை ஒரே தட்டில் வைத்தான். அன்று 1934-ஆம் வருஷம், மே மாதம் 25-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை.