சேவை என்ற கட்டம்

அறுபதுகளின் நடுவில், நான் செஞ்சியில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், தொண்டு செய்வதற்கென்று அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் வந்து கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்தாள். என் வயதுதான். ஞாயிறு மதியங்களில் இருவரும் பஸ் பிடித்துத் தொண்டூர் போய், களை எடுத்துவிட்டு வரும் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்போம். 'கொடுப்போம்' என்பது மரியாதைக்குத்தான். அவளுக்குத் தமிழில் 'தண்ணி', 'போதும்' இரண்டும்தான் சுத்தமாக வரும். சிலேட்டு எடுத்துக் கொடுப்பாள், கைக்குழந்தைகளை வைத்துக்கொள்வாள், சிரிப்பாள். நல்லவள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எரிச்சலில் மறந்துவிடுவேன்.

அவள்தான் எனக்கு அந்த ஆசையை மூட்டினாள். அவள் நாட்டில், பல தேசங்களின் கல்வியைப் பற்றியே ஒரு மேல்படிப்பு இருக்கிறதாம். பெரியவர்களுக்கு எழுத்துக் கற்பிப்பது எப்படி என்பதும் அதில் பாடமாம். நம்மைப் போன்றவர்களுக்கு உதவித்தொகையோடு இடம் உண்டு, தானும் விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் அப்படி ஏங்கியதில்லை.

மதிப்பெண் மட்டும் போதாது, வெளிநாட்டில் இருந்தாயா, என்ன சேவை செய்தாய் என்றும் பார்ப்பார்கள் என்றாள். கல்லூரி நாளில் ஒரு வருடம் பிரான்சில் படித்தவள் அவள். இப்போது செஞ்சி. அவளுக்குச் செஞ்சி வெளிநாடு. எனக்குச் செஞ்சி செஞ்சிதான், மிஞ்சிப் போனால் மெட்ராஸ். விண்ணப்பத் தாளில் வெளிநாட்டுக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். நியாயம்தான்.

அடுத்த கட்டம் சேவை. அதைப் பார்த்ததும் எனக்குக் கூசியது. எங்கள் நைனா கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். கோயிலுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்துவிட்டு, அதில் 'உபயம்' என்று பேர் எழுத வந்த பெயிண்டரைத் திருப்பி அனுப்பியவர். இருந்தாலும் கேட்டேன்.

"நைனா, தொண்டூர்ல சொல்லிக் குடுக்கறத இதுல எழுதலாமா?"

"இன்னாத்துக்கு? நாலு பொம்பளைங்களுக்கு எழுத்து காட்டினத ஊர் பூரா சொல்லணுமா? படிக்கறவன் இன்னா நெனப்பான்?"

அவர் மேல் பழி போட மாட்டேன். அவர் சரி என்றிருந்தாலும் என் கை எழுதியிருக்காது. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்தேன். பார்க்கிறவர்கள் என் அடக்கத்தைப் புரிந்துகொள்வார்கள் என்றுகூட உள்ளூர நம்பினேன். என்ன மடத்தனம்! கடல் தாண்டி இருப்பவர்களுக்கு ஒரு கோட்டில் என்ன தெரியும்?

முழுப்பரீட்சை சமயத்தில் பதில் வந்தது. மதிப்பெண்கள் நன்று, ஆனால் வெளிநாட்டு அனுபவமோ சேவையோ இல்லாததால் இடம் தர இயலவில்லை. அடுத்த வாரம் அவளுக்கு இடம் கிடைத்தது. குதித்துக்கொண்டு வந்து, தான் எழுதி அனுப்பியிருந்த கட்டுரையைக் காட்டினாள். முழுக்கத் தொண்டூர். வேப்பமரம், சிலேட்டு, தன் பேரைத் தானே எழுதிவிட்டு அழுத பெண். பொய் ஒன்றும் இல்லை. என்னையும் விட்டுவிடவில்லை. 'உள்ளூரைச் சேர்ந்த ஓர் உதவியாளர்' என்று ஒரு வரியில் நானும் இருந்தேன்.

நன்றாக இருக்கிறது என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள் மேல் இருந்த ஆத்திரத்தைவிட என் மேல் இருந்ததுதான் அதிகம்.

அவள் ஊருக்குப் போனதும் நான் தொண்டூர் போவதை நிறுத்திவிட்டேன். பஸ் சரியில்லை, திருத்த வேண்டிய தாள் நிறைய இருக்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த மரத்தடியை நினைத்தாலே வயிறு எரிந்தது.

சில மாதம் கழித்து, அந்த வகுப்புப் பெண்களில் ஒருத்தி கடைத்தெருவில் என்னைப் பார்த்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை விற்க வந்திருந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"இன்னா டீச்சர், ஆளையே காணோம்? அவ்ளோதானா? நாங்க படிச்சி முடிச்சிட்டமா?"

குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். பாதி எழுத்துகூட நடத்தி முடிக்கவில்லை. தன் பேரைத் தவிர ஒரு வரி சேர்ந்தாற்போல் அவளால் படிக்க முடியாது. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

"ஆமா, முடிச்சிட்டீங்க" என்றேன்.

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் நின்றவளிடம் அதைச் சொல்லிக்கொண்டே கூடையைத் தூக்கினாள்.