கத்தாத வண்டி

அந்தத் தீம் பார்க்கில் பேய் வீட்டைக் கட்டிக் காத்தது பேய்கள் இல்லை, ஒரு பொம்பளை. சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். வாசலில் மண்டை ஓடு தொங்கும், உள்ளே எலும்புக்கூடு கையை ஆட்டும், பிணப்பெட்டி படாரென்று திறக்கும். வருகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், பீரோ அளவுப் பலகைக் கூண்டில், முக்காலியில் உட்கார்ந்து, வண்டிகளை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் கையை வைத்தபடி எட்டு மணி நேரம் இருந்தவளை யார் பார்த்தார்கள்? கூட வேலை செய்த நாங்கள் அவளைப் பிரேக் அக்கா என்றோம். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

ஆட்களை ஏற்றிக்கொண்டு இருட்டுக்குள் தண்டவாளத்தில் சுற்றி வர மொத்தம் ஒன்பது வண்டி, ஏழு வளைவு. கூண்டுக்குள் ஒரு சின்னத் திரை உண்டு, ஆனால் அதில் தெரிவதெல்லாம் சாம்பல் பூத்த நிழல்தான். ஒரு கேமராவில் நிஜச் சிலந்தியே வலை பின்னிவிட்டது. துடைக்கப் போனவளிடம் சூப்பர்வைசர், "விடும்மா, இடத்துக்குப் பொருத்தமாத்தான இருக்கு" என்றார். அதனால் அவள் காதை வைத்துத்தான் வேலை பார்த்தாள்.

அந்த வேலைக்கு ஒரே சட்டம்தான். கத்துகிறவர்களை விட்டுவிட வேண்டும். நிறுத்து, இறக்கிவிடு என்று கதறினாலும் விட்டுவிட வேண்டும், அதற்காகத்தானே வருகிறார்கள். கத்தாத வண்டியைத்தான் கவனிக்க வேண்டும். மயங்கினவன் கத்த மாட்டான். நெஞ்சு அடைத்தவன் கத்த மாட்டான். சத்தம் வர வேண்டிய வளைவில் சத்தம் வரவில்லை என்றால் பொத்தானை அழுத்து, விளக்கைப் போடு, ஓடு.

அந்த மாதம் இரண்டு தடவை அழுத்திவிட்டாள். முதல் வண்டியில் ஒரு ஆள் குறட்டைகூட விடாமல் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவதில் புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி. அவர்கள் ஏன் சத்தம் போடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சூப்பர்வைசர் கூண்டு வாசலில் வந்து நின்று, "மூணாவது தடவ சும்மா நிறுத்தினேன்னு வை, இந்த முக்காலி உனக்கில்ல. வெளிய பார்க்கிங்ல வெயில்ல நின்னு வர்ற காருக்கு வழி காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அவள் தலை உரலில் போட்டு இடித்த மாதிரி இருக்கும். நாள் முழுக்க ஊரான் கத்தலைக் கேட்ட காதுக்கு, தண்ணீர்க் குழாய் சத்தமே ஆகாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உதட்டில் விரலை வைத்துவிடுவாள். "கத்தாத கண்ணு, அம்மாவுக்குத் தலை வெடிக்குது." அவள் மகளுக்கு அப்போது ஏழு வயது. புருஷன் தையல் கடையில் துணி வெட்டுகிறவன், நல்ல மனுஷன், அவனும் பிள்ளையிடம் அதையே சொல்வான். வீட்டில் பாத்திரம்கூடப் பூனை நடையில்தான் நடக்கும்.

அந்தப் பிள்ளைதான் அவளுக்குக் கவலை. பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாள். கேள்வி கேட்டால் தலையை ஆட்டுகிறாள். விழுந்து முழங்கால் கிழிந்தாலும் அழுகிற சத்தம் வரவில்லை. டாக்டர் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை என்றார். இரண்டு வருஷம் முன்னால் தெருவையே கூட்டுகிற குரல் அது. எங்கே போயிற்று என்று அம்மாவுக்கு விளங்கவில்லை.

புருஷனின் அக்கா அவர்களோடுதான் இருந்தாள். அவள் ஒரு வைத்தியம் சொன்னாள். "பயந்தா வாய் தானா திறந்துடும். உன் பேய் வீட்டுக்கே கூட்டிட்டுப் போவோம். வேலை செய்யறவங்க குடும்பத்துக்குன்னு ஒரு நாள் விடுறாங்கல்ல?"

"வேண்டாம் அண்ணி. உள்ள போய் வர்ற பிள்ளைங்க முகத்த நான் பாத்திருக்கேன்."

"பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும்பாங்க. என் தம்பி பேய் வீட்டுக்காரியக் கட்டிட்டு இன்னும் ஒரு தடவகூட ஏறல. அதையும்தான் பாத்துடுவோமே."

புருஷன், "ஒரே ஒரு சுத்துதான? நான் பக்கத்துல இருப்பேன்" என்றான். பிள்ளைக்குக் குரல் வந்துவிடும் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? அவளும் சரி என்றாள். அதுதான் தப்பு.

அந்த நாளில் மூன்று பேரும் வரிசையில் வந்து நின்றார்கள். அவள் கூண்டை விட்டு வந்து மகள் முன்னால் குந்தினாள். "வேண்டாம்னா சொல்லு கண்ணு. அம்மா விட்டுடுறேன்."

பிள்ளை அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு கூண்டையே பார்த்தது. "நீ இதுக்குள்ளதான் இருப்பியா?" என்று மெதுவாகக் கேட்டது.

"ஆமா. எல்லாச் சத்தமும் எனக்குக் கேக்கும். பயப்படாத."

பிள்ளை தலையை ஆட்டிவிட்டு நான்காவது வண்டியில் ஏறி நடுவில் உட்கார்ந்தது.

வண்டி இருட்டுக்குள் நுழைந்தது. இரண்டாவது வளைவில் எலும்புக்கூடு. "யம்மாடி" என்றான் புருஷன். மூன்றாவதில் ஈர நூல் முகத்தில் உரசும். "தம்பி, என் கால யாரோ பிடிக்கிறாங்கடா" என்று நாத்தனார் அலறினாள். "நான்தான்க்கா பிடிச்சிருக்கேன்." கூண்டில் இருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மூன்றாவது குரல் வரவில்லை.

ஐந்தாவது வளைவில் பிணப்பெட்டி. அந்த இடத்தில் கத்தாத பிள்ளையை அவள் இதுவரை கண்டதில்லை. பெட்டி திறந்தது. காற்று சீறியது. பெரியவர்கள் இரண்டு பேரும் கத்தினார்கள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றுமில்லை.

கை பொத்தானுக்குப் போனது, நின்றது. பிள்ளை எப்போதும் இப்படித்தானே, இதற்குப் போய் நிறுத்தினால் மூன்றாவது தடவை ஆகிவிடுமே என்று ஒரு நினைப்பு. ஆறாவது வளைவில் முகமூடி போட்ட ஆளே நேரில் குதிப்பான். அங்கேயாவது கத்திவிடும் என்று ஒரு வளைவை விட்டாள். அந்த ஒரு வளைவுக்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன்.

முகமூடிக்காரன் குதித்தான். இரண்டு குரல் வந்தது. அவள் அழுத்தினாள்.

விளக்கு எரிந்ததும் பேய் வீடு வெறும் பலகையும் பெயின்டும் ஆகிப்போனது. ஒன்பது வண்டியும் நின்றது, ஆட்கள் முணுமுணுத்தார்கள். அவள் தண்டவாளத்தோரமாக ஓடினாள். முகமூடியைக் கழற்றியவன், "என்னக்கா, நான் ஒண்ணும் பண்ணலயே" என்றான். அவள் அவனைத் தள்ளிவிட்டுப் போனாள்.

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கண் திறந்தே இருந்தது. முன்கையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்த இடம் நனைந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் கையை வாயிலிருந்து எடுத்தது. இரண்டு வரிசைப் பல் தடம், அதில் ரத்தம்.

"நான் கத்தலம்மா" என்றது, பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி.

"ஏன் கண்ணு கத்தல?"

"நீ அங்கதான இருக்க. எல்லாம் கேக்கும்னு சொன்னியே. உனக்குத் தலை வலிக்கும்ல."

புருஷன் தன் கைக்குட்டையை எடுத்துப் பிள்ளையின் கையில் சுற்றினான், சுற்றத் தெரியாமல் இரண்டு தடவை அவிழ்த்தான். "வீட்ல நாமதான்..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. நாத்தனார் கலைந்த தலையோடு, "நல்லதுக்குத்தான சொன்னேன்" என்றாள்.

சூப்பர்வைசர் வந்து சேர்ந்தார். "மூணு ஆச்சும்மா."

"ஆமா சார், மூணு. மூணு பேர்ல ரெண்டு குரல்தான் வந்துச்சு, அதுவும் கத்தாத வண்டிதான், சட்டப்படிதான் நிறுத்தினேன். எந்த வெயில்ல நிக்கணும்னு நாளைக்குச் சொல்லுங்க" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஏழு வயசுப் பிள்ளை, கனம்தான். இறக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் இன்னும் அதிகமாக அமைதி. அவளுக்குத் தலை எப்போதும் போல இடித்தது, அது பாட்டுக்கு இடிக்கட்டும் என்று விட்டாள். சாப்பிட உட்காரும்போது பிள்ளையின் கட்டுப் போட்ட கையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் நழுவித் தரையில் உருண்டது. பிள்ளை டம்ளரைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தது. இத்தனை நாள் இந்தப் பார்வையை அவள் கவனிக்காமலே போயிருந்தாள்.

அவள் இன்னொரு டம்ளரை எடுத்துக் கீழே போட்டாள். பிறகு ஒரு தட்டை.

"அங்க என்ன சத்தம்?" என்றாள் நாத்தனார் உள்ளேயிருந்து.

"கை தவறிடுச்சு அண்ணி."

"எத்தன தடவ தவறும்?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு அண்ணி."

ஒரு மூடியை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். "நீ போடு கண்ணு. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பிள்ளை மூடியை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு குனிந்து, சத்தமே வராமல், பழகின மாதிரி மெதுவாகத் தரையில் வைத்தது.

அவள் அதை எடுத்தாள். திரும்ப மகள் கையில் கொடுத்தாள்.