போதும் என்று சொல்லாத அறுவடைக்காரர்கள்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபிசெட்டிபாளையத்தில் ஐந்தாம் வகுப்போடு தமிழை விட்டுவிட்டு வந்தவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இந்தக் கதையைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அன்று மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான்தான்.

இப்போது டல்லஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் எங்கள் தெருக்காரர்களுக்கு டெக்சாஸ் என்றால் ஃப்ரீவேயும் ஆபீஸும்தான். நாங்கள் முதலில் வந்து இறங்கிய டெக்சாஸ் வேறு. மாநிலத்தின் வடக்கு மூலையில், கண்ணுக்கெட்டிய வரை மரமே இல்லாத புல்வெளிச் சீமை. கோயம்புத்தூரில் விவசாயம் படித்த அப்பா, அங்கே ஒரு பெரிய கோதுமைப் பண்ணைக்கு மேனேஜர் ஆனார். பண்ணையின் இந்த வேலியிலிருந்து அந்த வேலிக்குப் போக காரில் அரை மணி நேரம் பிடிக்கும்.

அந்த மாதிரிப் பண்ணைகளின் கதையை அப்பா கார் ஓட்டிக்கொண்டே சொல்வார். ரயில் பாதை போட்ட காலத்தில், எங்கோ நகரத்தில் இருந்த பணக்காரர்கள் மண்ணைக் கண்ணால் பார்க்காமலே நிலத்தை வாங்கிப் போட்டார்கள். புல்லை உழுது கோதுமை போட ஆள் வேண்டுமே, அதற்கு வந்தவர்கள்தான் மேனேஜர்கள். குதிரை பூட்டி உழுத காலத்தில் ஒருவர். நீராவி எந்திரம் வந்தபோது ஒருவர். மழை பொய்த்து மேல்மண் எல்லாம் புழுதியாகப் பறந்த காலத்தில் ஒருவர் மாற்றி ஒருவராக மூன்று பேர். ஊருக்கும் சாலைக்கும் முதலாளிகளின் பெயர். மேனேஜர்களுக்கு ஆபீஸ் சுவரில் ஒரு போட்டோ, அதுவும் பெயர் எழுதாமல். விளைந்தால் முதலாளியின் பண்ணை, விளையாவிட்டால் மேனேஜரின் பண்ணை என்று அப்பா சிரிப்பார்.

வேலை வருடத்துக்கு வருடம்தான். குடியிருந்த வீடு பண்ணையுடையது. விசாவும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. முதல் அறுவடையில் சறுக்கினால் மூன்றும் ஒன்றாகப் போய்விடும். இதை அப்பாவும் அம்மாவும் என் காதில் விழாமல் பேசிக்கொண்டார்கள்.

அறுவடைக்கு வெளியிலிருந்து ஒரு கூட்டம் வரும். சொந்த எந்திரங்களோடு டெக்சாஸில் தொடங்கி, கோதுமை பழுக்கப் பழுக்க வடக்கே கனடா எல்லை வரை அறுத்துக்கொண்டே போகிறவர்கள். அந்த வருடம் வந்தவர்களுக்குச் சிவப்புத் தாடிக்காரர் ஒருவர் தலைவர். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடுவது மேனேஜர் வீட்டம்மாவின் பொறுப்பு. குதிரைக் காலத்திலிருந்து வருகிற வழக்கம்.

அம்மா அதற்குப் பயப்படவே இல்லை. கல்யாணப் பந்தி என்று எடுத்துக்கொண்டார். கோழிக் குழம்பு, பருப்பு, ரசம், அண்டா நிறையச் சோறு. லாரி நிழலில் எல்லோரும் தட்டோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். அம்மா கரண்டியோடு முன்னால் போக, நான் மோர் வாளியோடு பின்னால் போனேன்.

எங்கள் பக்கம் போதும் என்றால் இலைக்கு மேல் கையை நீட்டி மறைக்க வேண்டும். முதல் தடவை மறைத்தால் யாரும் நம்பவும் மாட்டார்கள். இவர்கள் பக்கமோ, தட்டில் மிச்சம் வைத்தால் சமைத்தவருக்கு அவமானம். அதனால் அவர்கள் மரியாதையாகத் தட்டைக் காலி செய்தார்கள். காலித் தட்டைப் பார்த்த அம்மா மரியாதையாக நிரப்பினார். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. தாடிக்காரர் நெற்றியில் வியர்வை வழிய நாலாவது தடவை சோற்றைப் பிசைந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

பட்டணத்துத் தானியக் கிடங்கில் லோடு இறக்கிவிட்டு அப்பா திரும்பி வந்தபோது, எந்திரங்கள் கோதுமைக் காட்டுக்குள் சும்மா நின்றன. லாரி நிழலில் அத்தனை பேரும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்புள்ள, என்ன பண்ணி வச்சிருக்க?"

"சோறு போட்டேனுங்க."

"எவ்வளவு?"

"அவிய போதும்னே சொல்லலீங்க. நம்ம ஊட்டுச் சோத்துல பசியோட எந்திரிச்சாங்கன்னு பேரு வரோணுமாக்கும்?"

"பேரு கெடக்குது. மேக்க பாரு."

மேற்கே வானம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அப்பா லாரிக்குள் ஏறி ஹாரனை அழுத்தினார், கையை எடுக்கவே இல்லை. எழுந்த தாடிக்காரர் மேகத்தை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவு சாப்பிட்டவர்கள் அவ்வளவு வேகமாக ஓடி நான் இன்றுவரை பார்த்ததில்லை.

சாயங்காலம் ஆலங்கட்டி கொட்டியது. பெரும்பகுதியை அறுத்துவிட்டார்கள். மேற்குக் காடு மட்டும் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது.

மறுநாள் காலை டல்லஸிலிருந்து முதலாளி வந்தார். கண்ணாடி போல் மின்னும் பூட்ஸ். நான் ஒரு வருடம் இங்கே பள்ளிக்கூடம் போயிருந்ததால் இங்கிலீஷ் கேட்டால் புரியும், பேச வராது. அவர்கள் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"நேத்து மத்தியானம் மெஷினெல்லாம் நின்னுட்டு இருந்துச்சாமே? ரோட்ல போனவங்க சொன்னாங்க" என்று அப்பாவிடம் கேட்டார் முதலாளி.

அப்பா உள்ளதைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தாடிக்காரர் முந்திக்கொண்டார்.

"என் தப்பு சார். மெஷின் பெல்ட் அறுந்துபோச்சு. ஒண்ணு இல்ல, ரெண்டு. உங்க மேனேஜர் விரட்டின விரட்டுலதான் மத்த காடாவது தப்பிச்சுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, பெல்ட் ஒண்ணும் அறுந்துபோகலையே. தூங்கிட்டுத்தானே இருந்தாங்க?"

"பையன் என்ன சொல்றான்?" என்றார் முதலாளி.

பொய் சொன்னதற்காக என்னை அடித்திருக்கிற அப்பா, கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "உங்க பூட்ஸ் ரொம்ப நல்லா இருக்காம் சார்."

முதலாளி குனிந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"அடுத்த வருஷ அறுவடைக்கு வரும்போது இவனுக்கும் ஒரு ஜோடி வாங்கிட்டு வர்றேன்னு சொல்லுங்க."

அப்பா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். என் மேல் கோபம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் முறையிட்டேன். தாடி அங்கிள் பொய் சொன்னார், அப்பாவும் பொய் சொன்னார், நான் பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதை அடுத்த வருடம் வாங்கித் தருகிறாராம் என்று அழுதேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு என் முகத்தைப் பிடித்தார்.

"அடுத்த வருஷம்னா சொன்னாரு? நெசமாவா கண்ணு? அவரு வாயாலயா?"

என்னை அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஒவ்வொரு தடவையும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு ஜோடி பூட்ஸுக்காக அம்மா இவ்வளவு சந்தோஷப்படுவார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ரிச்சர்ட்சன்,
ஆனி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.