சாளையை இடித்தால் இருபது லட்சம்

கடந்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காங்கேயத்துக்கு அருகே நூறு வருடம் தாண்டிய ஒரு பண்ணை வீட்டுக்குப் போனேன். வீட்டின் வாரிசு கவிதா என் கல்லூரித் தோழி. வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். உட்கார நிழல் இல்லை, கழிப்பறையும் இல்லை. பார்வையாளர் கூடம் கட்ட நாற்பது லட்சம் வேண்டும். நன்கொடை கேட்டு அன்று சிலரை அழைத்திருந்தாள். "நீயும் வந்து பாத்துட்டு எழுதுடா" என்றாள்.

திருப்பூரிலிருந்து காங்கேயம் இருபத்தேழு கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் போக நினைத்திருந்தவனை, அவள் பெரிதும் நம்பியிருந்த நன்கொடையாளரே தன் காரில் ஏற்றிக்கொண்டார். பனியன் ஏற்றுமதி செய்பவர். பெயர் வேண்டாம், முதலாளி என்றே எழுதுகிறேன். வழியில் இளநீர் வாங்கித் தந்தார் (நாற்பது ரூபாய், தவற விடாதீர்கள்). நல்ல மனிதராகவே தெரிந்தார்.

தேக்குத் தூண்கள், மரப்படிகள் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். பின்கட்டுக்கு வந்ததும், மாட்டுக் கொட்டகையை ஒட்டி இருந்த தாழ்ந்த ஓட்டுச் சாளையை, பண்ணையாட்கள் குடியிருந்த சிறு வீட்டைக் காட்டினார்.

"இருவது லட்சம் நான் தர்றனுங்க. இந்தச் சாளைய இடிச்சுட்டு இங்கயே கூடத்தக் கட்டிருங்க. காரு நிறுத்தவும் எடம் கெடைக்கும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கவிதா தட்டவில்லை.

கூட்டத்திலிருந்து ஸ்டெல்லா முன்னால் வந்தார். திருப்பூர் மண்ணரைப் பகுதியில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். மூன்று தலைமுறையாக அவர் குடும்பம் இந்தப் பண்ணையில் வேலை செய்து, இந்தச் சாளையில்தான் குடியிருந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் கவிதா அவரை வரச் சொல்லியிருந்தாள்.

"எங்கம்மா என்னயப் பெத்த எடமுங்க இது. பெரிய ஊட்டுக்குள்ள நாங்க கால் வெச்சதே இல்லீங்க. இதையும் இடிச்சுட்டா, நாங்க இங்க இருந்தோம்னு எதைக் காட்டறதுங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? வர்றவங்க பாக்கற மாதிரியா இருக்குது?" முதலாளியின் குரல் மாறியிருந்தது.

கவிதா முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பணம் போனால் கூடமும் போனது மாதிரிதான். இருந்தும் அவள் சொன்னாள்:

"சாளை இருக்கட்டுங்க. அதை இடிச்சுத்தான் கூடம்னா, எனக்குக் கூடமே வேண்டாமுங்க."

முதலாளி கிளம்பிவிட்டார். என் பை அவர் காரில் இருந்தது, நானும் ஏறினேன். பாதி வழியில், வண்டியை ஓட்டியபடியே சாதாரணமாகக் கேட்டார்: "அந்தப் பொண்ணு எந்தக் கம்பெனிங்க?"

எனக்குத் தெரியும். இவர் ஒரு போன் போட்டால் ஸ்டெல்லாவின் வேலை போய்விடும். "தெரியலீங்க."

"கவிதாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. போன் இருக்குதில்ல?"

"கேக்க மாட்டனுங்க."

திருப்பூர் எல்லையில் வண்டியை ஓரம்கட்டி, "இறங்கிக்கங்க" என்றார். இறங்கியதும் கவிதாவிடம் நம்பர் வாங்கி ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நாளைக்கு வேலைக்குப் போய்த்தானுங்க தெரியும்" என்றார்.

மூன்று மாதம் ஆகிறது. அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்கள் தந்த ஆறு லட்சத்தில் கழிப்பறை வந்துவிட்டது, கூடம் வரவில்லை.

போகிறவர்களுக்கு: ஞாயிறு மட்டும் திறந்திருக்கும். காங்கேயம் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். குடை எடுத்துப் போங்கள். தூண்களைப் படம் பிடித்துவிட்டு உடனே திரும்பாதீர்கள். வேலை இல்லாத ஞாயிறுகளில், தன் குடும்பக் கதையைச் சொல்ல சாளையில் ஸ்டெல்லா இருப்பார். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அவர் பேசி முடிக்கும்வரை இருங்கள்.