நான்காவது ஆளாக ஒரு கல்

காலை ஏழு மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ் ஏறினேன். செவ்வாய்க்கிழமை, எட்டாம் தேதி. வேண்டுமென்றே பொறுக்கிய நாள். ஆகாத எண், ஆகாத நாள் என்ற பயம் எங்கிருந்து பிறந்தது என்று எழுதக் கிளம்பியவன் நல்ல நாள் பார்த்தா கிளம்புவான்? சென்னையில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் எட்டாம் எண் வீடே கிடையாது. ஏழுக்கு அடுத்தது ஏழு-ஏ. அதில்தான் நான் இருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பது என் வழக்கம்.

ஐம்பது கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. எட்டரைக்கு அருப்புக்கோட்டையில் இறங்கி ஒரு டீயும் இரண்டு வடையும் முடிப்பதற்குள் நான் பிடிக்க வேண்டிய திருச்சுழி பஸ் கிளம்பிப் போய்விட்டது. வெளியே ஓர் ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. திருச்சுழிக்கா என்று கேட்டேன். ஓட்டுநர் தலையாட்டினார். "ஏறுங்க சார், அந்த வழியாத்தான் போறோம்."

பின்னால் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் ஏறியதும் அந்த அம்மாள் முகம் சுண்டிவிட்டது.

"செவ்வாக்கெழமை, எட்டாம் தேதி, போதாக்கொறைக்கு இப்ப மூணு பேரு! நல்ல காரியத்துக்குப் போற லட்சணமா இது?"

நான் இறங்கப் போனேன். அதற்குள் ஓட்டுநர் இறங்கி, சாலையோரம் தேடி, உள்ளங்கை அளவில் ஒரு கல்லை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "நாலாவது ஆளு. பத்திரமா வச்சுக்கங்க சார்." மூன்று பேராகப் போனால் காரியம் கெடும், கல்லை ஓர் ஆளாகக் கொண்டுபோனால் கெடாது என்பது இந்தப் பக்கத்து வழக்கமாம்.

அந்த அம்மாள் கணவரையே பார்த்தார். "இவுகளா கல்லு எடுத்தாக?" என்றார், பாதி எனக்கும் பாதி தனக்குமாக.

ஒன்பது மணி. ஊர் முடிந்ததும் கரிசல் காடு. அறுத்துப் போட்ட பருத்திமார்க் குச்சிகள், சீமைக்கருவேலம், மேலே வானம், வேறொன்றும் இல்லை. ஓட்டுநர் பெயர் வேலுச்சாமி, மனைவி பஞ்சவர்ணம். போகிற காரியத்தைப் பஞ்சவர்ணமே சொன்னார். அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் பஞ்சவர்ணத்தின் அண்ணன் இவர்களோடு பேசி ஐந்து வருஷம் ஆகிறது.

"எங்கய்யா சனிக்கெழமை செத்தாக. சனிக்கெழமை போனா இன்னொரு உசுரையும் கூட்டிட்டுப் போயிரும்னு அண்ணன் பாடையில கோழி கட்டுனாக. இவுக எல்லாரு முன்னாடியும் சிரிச்சு, கோழிய அவுத்து விட்டாக. அடுத்த மாசமே அண்ணன் பொண்டாட்டி, எங்க மதினி போயிட்டாக."

சிரிப்பதில் எனக்கும் நல்ல பழக்கம் உண்டே.

அண்ணன் லாரி ஓட்டுகிறவர். இன்று ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார். அதனால்தான் செவ்வாய் என்றும் பாராமல் கிளம்பியிருக்கிறார்கள்.

மூன்று மட்டும் ஏன் ஆகாது என்று வேலுச்சாமியிடம் கேட்டேன். அவர் வெளியே கையைக் காட்டினார்.

"அந்தக் காலத்துல இதுக்குள்ள நடந்துதான சார் போகணும்? மூணு பேர்ல ஒருத்தன் வெயில்ல சுருண்டுட்டா, ஒருத்தன் காவலிருக்கணும். இன்னொருத்தன் ஒத்தையாத் தண்ணி தேடிப் போகணும். போனவனும் விழுந்துட்டா மூணு பேரும் போச்சு. நாலு பேருன்னா ரெண்டு ரெண்டாப் பிரியலாம்."

"கல் தண்ணி தேடிப் போகாதே?"

"போகாதுதான். நாலாவது ஆளு கெடைக்காத அன்னைக்கு, ஒரு தைரியத்துக்கு எடுத்திருப்பாக."

அவர் சொல்வதுதான் உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வெட்டவெளியைப் பார்த்தபடி கேட்டபோது மறுக்கத் தோன்றவில்லை. புத்தகங்களில் நான் தேடிய பதில் எதுவும் இப்படித் தொண்டையை வறள வைத்ததில்லை.

பதினைந்து கிலோமீட்டரில் திருச்சுழி வந்தது. பஞ்சவர்ணம் என்னை இறங்க விடவில்லை. மூன்றாகக் கிளம்பிப் பாதியில் குறைவது அதைவிட ஆகாதாம். இன்னும் ஆறு கிலோமீட்டர் போனோம். ஊர் எல்லையில் ஒரு வேப்பமரத்தடியில் என் உயரத்துக்கு மேலே கற்கள் குவிந்து கிடந்தன. ரோடு போட அடித்த ஜல்லி என்று நினைத்தேன்.

"காரியம் முடிஞ்சா திரும்பயில கல்ல இங்க எறக்கி வைக்கணும். முடியலைன்னா எடுத்த எடத்துலயே கொண்டுபோய்ப் போடணும்" என்றார் பஞ்சவர்ணம்.

அப்படியென்றால் இந்தக் குவியல் முழுக்க நிறைவேறிய காரியங்கள். பயந்து பயந்து வந்து நிம்மதியாகத் திரும்பிய எத்தனை மூன்று பேர்! கும்பிடத் தோன்றியது. கையில் கல் இருந்ததால் கும்பிடவில்லை.

பத்து மணிக்கு அண்ணன் வீட்டு வாசலில் நின்றோம். அவர் லாரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்தும் தட்டுவதை நிறுத்தவில்லை. பிறகு எங்களை எண்ணினார். "மூணு பேராவா வந்தீக?"

நான் கல்லைக் காட்டினேன்.

"யாரு எடுத்தா?"

"நாந்தான் மச்சான்" என்றார் வேலுச்சாமி. "அன்னைக்கு நான் சிரிச்சது தப்பு."

அண்ணன் என் கையிலிருந்த கல்லை வெகுநேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போனார். பஞ்சவர்ணம் அழவே ஆரம்பித்துவிட்டார். அண்ணன் திரும்பி வந்தபோது சட்டை போட்டிருந்தார்.

"வண்டிய எடு மாப்ள. நாளைக்கு லோடு இருக்கு. இப்பவே வந்து பிள்ளையப் பாத்துட்டு வந்துர்றேன். கல்யாணத்துக்கு முத நாளே வந்து நிப்பேன்."

வேப்பமரத்தடியில் ஆட்டோ நின்றது. வேலுச்சாமி கல்லைக் குவியலில் வைத்தார். அது சரியப் பார்த்தது. அண்ணன் கை நீட்டி அதை அமர்த்தினார்.

பதினொன்றே காலுக்குத் திருச்சுழியில் இறங்கிக்கொண்டேன். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். ஆட்டோ புறப்படும்போதுதான் உறைத்தது: நான் இறங்கியதும் அவர்கள் மூன்று பேர். "நில்லுங்க!" என்று கத்திவிட்டு, ஓடிப்போய் ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து நீட்டினேன்.

பஞ்சவர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சார், வீட்டுக்குத் திரும்புறதுக்கு எதுக்குக் கல்லு? காரியத்துக்குப் போறப்பத்தான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கல்லை வாங்கித் தன் பக்கத்தில் சீட்டில் வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் சார். கல்யாண வீட்டுக்கு ஆள் வேணும்ல."

ஆட்டோ திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு பேர் போனார்கள்.